மழைக்கோட்டின் ஆயுள்

ஒரே வகை நூலால் நெய்த வேட்டி ஒன்றைப் பல ஆண்டுகள் விடாமல் உடுத்தியும் துவைத்தும் வந்தால், அதன் உடல் முழுவதும் ஏறக்குறைய ஒரே கதியில் நைந்து, எந்த இடத்தைப் பிடித்து இழுத்தாலும் கிழியக்கூடிய ஒரு நிலையை அடைகிறது. அந்த நிலையில் அதன் ஆயுள் முடிந்துவிட்டது என்று சொல்வதில் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. மலையேறுவோரும் பனிப்பிரதேசங்களில் சஞ்சரிப்போரும் அணிகின்ற மழைக்கோட்டின் விஷயமோ வேறு. வெளிப்புறத்து நைலான் துணி, அத்துணியின்மேல் ஏற்றிய நீர்விலக்கி, உட்புறத்தில் ஒட்டிய மெல்லிய சவ்வு, அந்தச் சவ்வைக் காக்கும் உட்துணி, தையல் மூட்டுகளை மூடும் நாடா, நாடாவைப் பிடித்திருக்கும் பசை, ஜிப், ஜிப்பின்மேல் ஏறி இறங்கும் ரன்னர், மணிக்கட்டுப் பட்டை, இடுப்பை இறுக்கும் எலாஸ்டிக் கயிறு என்று பல அங்கங்களைக் கொண்டு இயற்றப்பட்ட அந்த உடுப்பில், ஒவ்வோர் அங்கத்துக்கும் தனித்தனியாக ஓர் ஆயுள் உண்டு. நைலான் இருபது ஆண்டுகள் தாங்கக்கூடியதாக இருக்கும். அதனோடு கூடிப் பிறந்த ரன்னர் நாலைந்து ஆண்டுகளில் தேய்ந்துவிடும். நீர்விலக்கியோ ஒரு மழைக்காலம் முடிவதற்குள்ளேயே சோர்ந்துவிடக்கூடும்.

ஆகவே, இத்தகைய உடுப்பைக் குப்பையில் எறிகிறவர் பெரும்பாலும் இறந்துபோன உடுப்பை எறிவதில்லை. பத்து அங்கங்களில் ஒன்று பழுதுபட, மற்ற ஒன்பதும் நல்ல நிலையில் இருக்கையில், அந்த ஒன்றின் பொருட்டு ஒன்பதையும் சேர்த்தே எறிகிறார். குறைந்த ஆயுளுடைய அங்கத்தை மாற்றி, நீண்ட ஆயுளுடைய அங்கங்கள் தம் இயல்பான முடிவுவரை உழைக்கும்படி செய்வதே செப்பனிடும் கலையின் சாரம். அந்தக் கலையை உடுப்பைச் செய்த ஸ்தாபனமே மேற்கொள்ளும்போது விளையும் பயன்களையும், அதற்கு ஆதாரமான பௌதிக, ரசாயன உண்மைகளையும், அதன் எல்லைகளையும் இந்த அத்தியாயத்தில் காண்போம்.

மெழுகுக் கோட்டு

உற்பத்தியாளரே தம் உடுப்பைத் திரும்பப் பெற்றுப் புதுப்பித்துத் தரும் வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், டைன் நதி கடலோடு கலக்கும் இடத்தை அடுத்த சௌத் ஷீல்ட்ஸ் என்னும் துறைமுக நகரில், 1894-ஆம் ஆண்டு ஜான் பார்பர் என்பவர் மாலுமிகளுக்கும் செம்படவர்களுக்கும் துறைமுகத் தொழிலாளிகளுக்கும் வேண்டிய மழையுடுப்புகளை விற்கும் கடை ஒன்றை நிறுவினார். அக்காலத்தில் காற்றையும் நீரையும் தடுப்பதற்காகத் துணியில் ஆளிவிதை எண்ணெய் ஏற்றுவது வழக்கம். கப்பற்பாய்களை எண்ணெயில் தோய்த்துப் பழகியவர்கள் அதே உபாயத்தை உடுப்புக்கும் கையாண்டார்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து நாளடைவில் மஞ்சளித்து, இறுகி, குளிரில் வெடித்துவிடும் குணமுடையது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதற்குப் பதிலாக மெழுகு கலந்த பூச்சுகள் வந்தபோது, துணி வளைந்துகொடுக்கும் தன்மையை இழக்காமலே நீரைத் தடுக்கக் கற்றுக்கொண்டது.

மெழுகுக்கும் ஒரு குறை உண்டு. முழங்கை மடியும் இடத்திலும், பையின் விளிம்பிலும், தோளில் சுமை உராயும் இடத்திலும் அது சிறிது சிறிதாக வெளியேறிவிடுகிறது. ஆனால் மெழுகு போன இடத்தில் பருத்தி அப்படியே இருக்கிறது. உருக்கிய மெழுகை மறுபடியும் கடற்பஞ்சினால் தேய்த்து ஏற்றி, வெப்பக் காற்றால் இழைகளுக்குள் இறங்கச் செய்துவிட்டால், கோட்டு தன் பழைய நிலையைப் பெற்றுவிடும். பார்பர் ஸ்தாபனத்தார் சௌத் ஷீல்ட்ஸிலுள்ள தம் தொழிற்சாலையில் ஆண்டுதோறும் பல்லாயிரம் கோட்டுகளுக்கு இவ்வாறு மெழுகேற்றியும், கிழிந்த உட்துணியை மாற்றியும், நைந்த மணிக்கட்டு விளிம்புகளைப் புதிதாகக் கட்டியும் அனுப்பிவருகிறார்கள். தந்தை அணிந்த கோட்டை மகன் அணிவது அந்நாட்டுக் கிராமப்புறங்களில் அதிசயமாகக் கருதப்படாததற்குக் காரணம் துணியின் உறுதி மாத்திரமன்று. எளிதில் கழிந்துபோவதாகிய மெழுகும், நெடுநாள் நிற்பதாகிய பருத்தியும் ஒன்றையொன்று கெடுக்காமல் பிரித்துப் புதுப்பிக்கத்தக்க முறையில் அமைந்திருப்பதே அதன் ரகசியம்.

சவ்வும் நீர்விலக்கியும்

அறுபதுகளின் இறுதியில் இந்த எளிய ஏற்பாட்டுக்குப் போட்டியாக வேறொன்று தோன்றியது. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் பாப் கோர் என்பவர், டெஃப்லான் என்று நாம் அறிந்திருக்கும் பாலிடெட்ராஃப்ளூரோஎதிலீன் தண்டுகளைச் சூடாக்கி மெதுவாக நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக நீட்டிய போதெல்லாம் அவை ஒடிந்துபோயின. 1969-ஆம் ஆண்டில் ஒரு நாள் பொறுமையிழந்து ஒரு தண்டைச் சடக்கென்று இழுத்தபோது, அது ஒடியாமல் எட்டு மடங்குக்கு மேல் நீண்டு, உட்புறமெல்லாம் நுண்ணிய இழைகளும் இடைவெளிகளும் நிறைந்து, பருமனில் ஏறக்குறைய 70 விழுக்காடு காற்றாகவே இருக்கும் ஒரு விசித்திரப் பொருளாக மாறியது. அதிலிருந்து செய்த சவ்வில், கோர் ஸ்தாபனத்தாரின் கணக்குப்படி, ஒரு சதுர அங்குலத்தில் சுமார் 900 கோடி நுண்துளைகள் உள்ளன. ஒவ்வொரு துளையும் நீர்த்துளியைவிட 20,000 மடங்கு சிறியது, நீராவியின் மூலக்கூற்றைவிட 700 மடங்கு பெரியது. மழை உள்ளே புக முடியாது. வியர்வையின் ஆவி வெளியே போகலாம். 1976-இல் இந்தச் சவ்வு உடுப்புகளில் ஏறிச் சந்தைக்கு வந்தது.

இவ்வளவு நுட்பமான உடுப்பை வாங்கி இரண்டு ஆண்டுகள் அணிந்தவர்கள் பலர், மூன்றாம் ஆண்டில் அது ஒழுகுகிறது என்று முறையிட்டு அதைத் திருப்பி அனுப்புகிறார்கள். செப்பனிடும் நிலையத்தில் அதைச் சோதித்துப் பார்த்தால், சவ்வில் ஒரு துளைகூட இராமலிருப்பது சாதாரணமாகக் காணும் காட்சி. அப்படியானால் அணிந்தவர் நனைந்தது எவ்வாறு? வெளித்துணியின் இழைகளின்மேல் ஏற்றியிருந்த நீர்விலக்கி தன் வேலையை நிறுத்திவிட்டது என்பதே விடை. நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன் அளவில் இருக்கிறது. எண்ணெய்களுக்கு அது 20 முதல் 30 வரைதான். ஒரு பொருளின் புறப்பரப்பு ஆற்றல் இவ்வெண்களைவிட மிகக் குறைவாக இருந்தால், நீரோ எண்ணெயோ அதன்மேல் பரவ மறுத்து, உருண்டை உருண்டையாகத் திரண்டு உருண்டோடிவிடும். நீர்விலக்கியின் நீண்ட மூலக்கூறுகள் இழையின்மேல் மயிர்க்கால்களைப் போல நிமிர்ந்து நிற்கும்வரை இந்த நிலை நீடிக்கும். உராய்வினாலும் அழுக்கினாலும் அவை சாய்ந்து படிந்துவிட்டாலோ, துணி நீரைக் குடித்துப் பாரமாகி, சவ்வின் வெளிப்புறத்தில் ஒரு நீர்ப்படலத்தைக் கட்டிவிடுகிறது. அந்தப் படலத்தைத் தாண்டி ஆவி வெளியேற வழியில்லை. உடலின் வெப்பத்தில் எழுந்த வியர்வை குளிர்ந்த சவ்வின் உட்புறத்தில் மோதித் துளியாகி வழிகிறது. மழையால் நனைந்ததாக நினைப்பவர் உண்மையில் தம் வியர்வையாலேயே நனைகிறார்.

இதற்குச் சிகிச்சை மிகச் சுலபமானது: துவைத்தல். அழுக்கும் தோலெண்ணெயும் நீர்விலக்கியின் வேலையைக் கெடுப்பவை. சாதாரணச் சலவைத்தூளின் மிச்சமும், துணியை மிருதுவாக்கும் திரவங்களும் அவ்வாறே. இவை எதையும் விட்டுவைக்காத சோப்பினால் அலசி, பின்பு மிதமான சூட்டில் உலர்த்தினால், சாய்ந்திருந்த மூலக்கூறுகள் வெப்பத்தின் உதவியால் மீண்டும் நிமிர்ந்துகொள்கின்றன. அதற்கும் மசியாதபோது புதிதாக நீர்விலக்கி ஏற்ற வேண்டும். மழையுடுப்பை அடிக்கடி துவைத்தால் கெட்டுவிடும் என்று பலர் கொண்டிருக்கும் அபிப்பிராயம் உண்மைக்கு நேர்விரோதமானது.

இவ்விஷயத்துக்கு இப்போது ஒரு புதிய அவசரமும் உண்டாகியிருக்கிறது. எட்டுக் கரியணுக்கள் கொண்ட பழைய ஃப்ளூரோகார்பன் நீர்விலக்கிகள் நீரையும் எண்ணெயையும் ஒருங்கே விரட்டும் ஆற்றலில் இணையற்றவை. ஆனால் அவற்றோடு தொடர்புடைய ரசாயனங்கள் மண்ணிலும் நீரிலும் உயிர்களின் இரத்தத்திலும் சேர்ந்து அழியாமல் நிற்பவை என்று தெரிந்த பின், அவற்றில் முக்கியமான ஒன்றை 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை தடைப் பட்டியலில் சேர்த்தது. இந்த ஃப்ளூரோகார்பன் குடும்பத்துப் பொருள்களைச் சேர்த்த துணிகளை விற்பதற்குக் கலிபோர்னியா மாநிலம் 2025-ஆம் ஆண்டு முதல் தடை விதித்து, கடும் மழைக்கான உடுப்புகளுக்கு மாத்திரம் 2028 வரை தவணை அளித்திருக்கிறது. அவற்றின் இடத்தில் வந்திருக்கும் ஃப்ளூரின் இல்லாத நீர்விலக்கிகள் மழையை விரட்டுகின்றன, ஆனால் எண்ணெயை விரட்டுவதில்லை. ஆதலால் புதிய உடுப்புகள் சீக்கிரத்தில் அழுக்கேறுகின்றன. பராமரிப்பு முன்னைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது. ரசாயனம் செய்துவந்த வேலையின் ஒரு பகுதியை மனிதரின் கை ஏற்றுக்கொள்ள வேண்டிய காலம் வந்திருக்கிறது.

தூவி அடைத்த குளிர்ச்சட்டைகளின் கதையும் இதை ஒத்ததே. வாத்தின் மார்பிலிருந்து எடுக்கும் தூவி, தன் நுண்கிளைகளை விரித்துக் காற்றைச் சிறைப்பிடிப்பதனால்தான் உடல் வெப்பத்தைக் காக்கிறது. தோலெண்ணெய் ஏறினால் அக்கிளைகள் ஒட்டிக்கொண்டு கட்டி கட்டியாகிவிடும். இங்கிலாந்தின் ஆல்ஃப்ரிட்டன் நகரில் ராப் ஸ்தாபனத்தார் நடத்தும் நிலையத்தில் இத்தகைய சட்டைகளைப் பக்குவமாகத் துவைத்து உலர்த்துவதும் ஒரு முக்கியமான பணியாக நடைபெறுகிறது.

கிழிசலும் ஒட்டும்

கிழிசல் என்பது யாவருக்கும் தெரிந்த பழுது. ஆயினும் அதனுள்ளே மறைந்திருக்கும் பௌதிகத்தைப் பலர் அறியார். கண்ணாடியின் உறுதி அதன் கொள்கையளவிலான உறுதியைவிட மிகக் குறைவாக இருப்பது ஏன் என்று ஆராய்ந்த கிரிஃபித் என்னும் ஆங்கிலப் பொறியியலறிஞர், 1921-இல் வெளியிட்ட கட்டுரையில், பொருளிலுள்ள நுண்ணிய வெடிப்புகளின் முனையில் விசை குவிவதே அதற்குக் காரணம் என்று நிறுவினார். துணியிலும் இதுவே நிகழ்கிறது. முள் பட்டுக் கிழிந்த இடத்தின் முனையில், இழுவிசையை எல்லா இழைகளும் பகிர்ந்துகொள்வதில்லை. முனையிலுள்ள இரண்டு மூன்று இழைகளே அதைத் தாங்க நேர்கிறது. அவை அறுந்ததும் அடுத்த இரண்டு மூன்றின்மேல் அது விழுகிறது. ஓர் அங்குலக் கிழிசல் ஒரு சாண் ஆவதற்குப் பெரிய விசை வேண்டியதில்லை என்பது இதனால் விளங்கும். மலையுடுப்புகளில் சிறு சிறு கட்டங்களாகக் காணப்படும் நெசவு, இந்த ஓட்டத்தைத் தடுப்பதற்கென்றே ஏற்பட்டது: சில மில்லிமீட்டர்களுக்கு ஒரு முறை பருமனான இழை ஒன்றை ஊடும் பாவுமாகச் சேர்த்து நெய்தால், ஓடிவரும் கிழிசல் அந்த இழையில் முட்டி நின்றுவிடும்.

சாதாரணத் தையற்காரர் ஊசியும் நூலும் கொண்டு இக்கிழிசலைத் தைத்துவிடலாமே என்று தோன்றும். வேட்டிக்கும் சட்டைக்கும் அது போதும். சவ்வு ஒட்டிய மழையுடுப்பில் ஊசி நுழைந்த ஒவ்வோர் இடமும் மழைக்கு ஒரு வாசல். கிழிசலை அடைக்கப் போய்ச் சல்லடையை உண்டாக்கிய கதையாகிவிடும். தொழிற்சாலையில் தைக்கும்போதே ஒவ்வொரு மூட்டின் உட்புறத்திலும், வெப்பத்தில் உருகும் பசை தடவிய நாடா ஒன்றைச் சூடான காற்றினாலும் உருளைகளின் அழுத்தத்தினாலும் ஒட்டி, ஊசித் துளைகளை மூடுகிறார்கள். செப்பனிடுகிறவரும் அவ்வாறே மூட வேண்டும். அதற்கு அதே நாடாவும், அதே பசையும், அவற்றுக்கேற்ற வெப்பநிலையும் வேண்டும். வெப்பம் குறைந்தால் பசை பிடிக்காது, கூடினால் நைலான் சுருங்கிவிடும். எந்த ஆண்டில் செய்த எந்த உடுப்பில் எந்தப் பசை உபயோகிக்கப்பட்டது என்பதை உடுப்பைச் செய்தவரைத் தவிர வேறு யார் நிச்சயமாக அறிந்திருக்க முடியும்?

ஒட்டின் வடிவத்திலும் விஞ்ஞானம் இருக்கிறது. சதுரமாக வெட்டிய ஒட்டின் நான்கு மூலைகளிலும் உரிக்கும் விசை குவிகிறது. முதலில் கிளம்புவது மூலைதான். ஆகையால் நல்ல தொழிலாளி ஒட்டின் மூலைகளை வட்டமாகக் கத்தரித்துவிடுகிறார். சிலிக்கோன் பூசிய துணியில் பாலியூரித்தேன் பசை பற்றாது; அதற்குச் சிலிக்கோன் பசையே வேண்டும். அழுக்கேறிய பரப்பில் எந்தப் பசையும் பற்றாது. உடுப்பைத் துவைத்து அனுப்பினாலன்றிப் பழுது பார்க்க மாட்டோம் என்று செப்பனிடும் நிலையங்கள் விதித்திருக்கும் நிபந்தனைக்குச் சுத்தத்தில் உள்ள பற்றுதலைவிடப் பசையின் ரசாயனமே பெரிய காரணம்.

ஜிப்

ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த கிடியன் சுண்ட்பேக் என்னும் பொறியியலறிஞர் 1913-இல் இன்றைய வடிவத்துக்கு அடிப்படையான ஜிப்பை அமைத்து, 1917-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். உடுப்பில் இயங்குகின்ற யந்திரம் என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான். இயங்குவதனாலேயே முதலில் தேய்வதும் இதுவாகிறது. ஜிப் திறந்துகொண்டால் பற்கள் கெட்டுவிட்டன என்றே நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் குற்றம் ரன்னருடையது. ரன்னரின் மேல்தகடும் கீழ்த்தகடும் இரு பக்கத்துப் பற்களையும் ஒரு குறிப்பிட்ட இடைவெளியில் நெருக்கி ஒன்றோடொன்று கோக்கின்றன. மணலும் உப்பும் புகுந்து ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்கியதில் அந்த இடைவெளி மயிரிழையளவு அகன்றுவிட்டால், பற்கள் அருகருகே வந்தும் கோத்துக்கொள்ளாமல் ரன்னரின் பின்னாலேயே பிரிந்துவிடுகின்றன. புதிய ரன்னர் ஒன்றை ஏற்றுவது சில நிமிஷ வேலை; அதன் விலையும் உடுப்பின் விலையோடு ஒப்பிட்டால் கணக்கில் சேராது.

பற்களே உதிர்ந்திருந்தால் ஜிப் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். வேலையின் கடினம் அப்போதுதான் வெளிப்படுகிறது. வெளித்துணிக்கும் உட்துணிக்கும் நடுவே ஜிப்பைச் செருகி, கழுத்துப் பட்டையையும் இடுப்பு விளிம்பையும் அதன்மேல் மடித்து, எல்லாவற்றையும் ஒரே தையலில் பூட்டியிருந்தால், ஒரு ஜிப்பைக் கழற்றுவதற்கு உடுப்பில் பாதியைப் பிரித்தாக வேண்டும். அதே ஜிப்பைத் தனித்தையலில், எளிதாக எட்டும்படி வைத்திருந்தால் வேலை பாதியிலும் குறையும். இரண்டு உடுப்புகளும் கடையில் தொங்கும்போது பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. வடிவமைப்பவர் என்றோ செய்த ஒரு தீர்மானத்துக்குப் பத்தாண்டுகளுக்குப் பின் செப்பனிடுகிறவர் தம் நேரத்தால் விலை கொடுக்கிறார்.

தீராத நோய்

எல்லாப் பழுதும் தீரக்கூடியதே என்று சொல்லிவிடுவது உண்மையாகாது. பூச்சாகவும் பசையாகவும் பயன்படும் பாலியூரித்தேனில் ஒரு வகை, எஸ்டர் பிணைப்புகளால் கோக்கப்பட்டது. ஈரமும் வெப்பமும் கூடும்போது நீரின் மூலக்கூறு அந்தப் பிணைப்புகளை ஒவ்வொன்றாக வெட்டுகிறது. நீராற்பகுப்பு என்று ரசாயன நூலார் வழங்கும் இந்த மாற்றத்தால், நீண்ட சங்கிலிகள் குறுகி, பூச்சு பிசுபிசுத்து, பின்பு செதில் செதிலாக உதிர்கிறது. ஈரத்தோடு சுருட்டிப் பெட்டியில் வைத்த உடுப்பு, ஒரு நாளும் அணியப்படாமலே இவ்வாறு மாண்டுபோகும். சவ்வு துணியை விட்டுக் கொப்புளம் கொப்புளமாகப் பிரியத் தொடங்கிவிட்டாலும், அதை மீண்டும் பரப்பு முழுவதும் ஒட்டுவதற்கு எந்தச் செப்பனிடும் நிலையத்திலும் வழியில்லை. கோட்டுக்கு மெழுகேற்றிக்கொள்ளும் பழைய முறைக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இங்கே தெளிவாகிறது: அங்கே குறைந்த ஆயுளுடைய பொருள் பிரிக்கத்தக்கதாக இருந்தது; இங்கே அது நீண்ட ஆயுளுடைய பொருளோடு பிரிக்க முடியாதபடி ஒட்டப்பட்டிருக்கிறது. நுட்பம் கூடியதில் லாபமும் உண்டு, இந்த நஷ்டமும் உண்டு.

ரீனோ நகரத்து நிலையம்

செப்பனிடுவதை வியாபாரத்தின் ஓரத்திலிருந்து அதன் நடுவுக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையாக எண்ணத்தக்கவர் இவான் சூனார்ட். மலையேறுவோர் பாறையில் அறையும் இரும்பு முளைகளைத் தம் கையாலேயே கொல்லுலையில் அடித்து விற்றுப் பிழைத்த அவர், அம்முளைகள் பாறையைச் சிதைப்பதைக் கண்டு, தம் வருமானத்துக்கு ஆதாரமான அந்தச் சரக்கையே கைவிட்டுப் பாறைக்குச் சேதம் விளைக்காத கருவிகளை 1972-இல் பிரசாரம் செய்யத் தொடங்கியவர். அவர் 1973-இல் கலிபோர்னியாவின் வென்ச்சுரா நகரில் நிறுவிய படகோனியா ஸ்தாபனம், 2011 நவம்பர் 25-ஆம் தேதி, அமெரிக்கர்கள் கடைகளில் முண்டியடிக்கும் நன்னாளாகிய கறுப்பு வெள்ளியன்று, நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் தன் சட்டை ஒன்றின் படத்தை முழுப் பக்கத்தில் வெளியிட்டு, இதை வாங்காதீர்கள் என்று தலைப்பிட்டிருந்தது. அந்த ஒரு சட்டையைச் செய்வதற்கு 135 லிட்டர் நீர் செலவானதையும், சட்டையின் எடையைப்போல் 24 மடங்காகிய ஏறக்குறைய 9 கிலோகிராம் கரியமில வாயு வெளியானதையும், எடையில் மூன்றில் இரண்டு பங்கு கழிவு விழுந்ததையும் ஸ்தாபனத்தார் தாமே எடுத்துச் சொல்லி, உள்ளதைச் செப்பனிட்டு அணியும்படி வேண்டினார்கள்.

இந்த எண்களைக் கொண்டு ஒரு சிறு கணக்குப் போடலாம். 9 கிலோகிராம் வாயுவைக் கடனாக வாங்கிப் பிறந்த சட்டையை மூன்று ஆண்டுகள் அணிந்து எறிந்தால் ஆண்டுக்கு 3 கிலோகிராம் ஆகிறது. ஒன்பது ஆண்டுகள் அணிந்தால் ஒன்றுதான். நூற்பதும் நெய்வதும் சாயமேற்றுவதுமே பெரும் செலவு. ரன்னர் ஒன்றையும் ஒட்டு ஒன்றையும் சேர்ப்பதால் அந்தக் கணக்கு அதிகமாக மாறிவிடாது. உடைகளின் உபயோகக் காலத்தை ஒன்பது மாதம் நீட்டித்தால் அவற்றின் கரி, நீர், கழிவுச் சுமைகள் ஒவ்வொன்றும் 20 முதல் 30 விழுக்காடு குறையும் என்று பிரிட்டனின் ராப் அமைப்பு 2012-இல் மதிப்பிட்டது. மேலே கண்ட உடுப்பு ஸ்தாபனத்தோடு தமிழ் எழுத்தில் பெயர் ஒற்றுமை உடையதெனினும், இது வீண்கழிவைக் குறைப்பதற்கென்று இயங்கும் வேறோர் அமைப்பு. இந்தக் கணக்குகளுக்கெல்லாம் ஒரு நிபந்தனை உண்டு என்பதையும் மறக்கலாகாது: பழையதைச் செப்பனிட்டுக்கொண்டவர் புதியதையும் வாங்கிவிட்டால் பயன் ஒன்றும் இல்லை. அந்த விளம்பரத்துக்குப் பிறகும் படகோனியாவின் வியாபாரம் வளர்ந்தே வந்திருக்கிறது என்பதை அதன் விமரிசகர்கள் சுட்டிக்காட்டத் தவறுவதில்லை.

நெவாடா மாநிலத்து ரீனோ நகரில் அந்த ஸ்தாபனம் நடத்தும் செப்பனிடும் நிலையம், வட அமெரிக்காவிலேயே மிகப் பெரியது என்று பெயர் பெற்றது. ஆண்டுதோறும் பல்லாயிரம் உடுப்புகள் அங்கே வந்து திரும்புகின்றன. 2013-இல் இப்பணியை வொர்ன் வேர் என்னும் பெயரில் ஓர் இயக்கமாக்கிய ஸ்தாபனத்தார், 2015-இல் தையல் யந்திரங்களை ஏற்றிய லாரி ஒன்றை அமெரிக்கா முழுவதும் அனுப்பி, எவர் செய்த உடுப்பானாலும் வழியில் பழுது பார்த்துத் தந்தார்கள். வீட்டிலேயே செய்துகொள்ளத்தக்க பழுதுகளுக்கு ஐஃபிக்ஸிட் நிறுவனத்தோடு சேர்ந்து படவிளக்கங்களும் வெளியிட்டார்கள்.

ஆடம் ஸ்மித் 1776-இல் குண்டூசித் தொழிற்சாலையை உதாரணமாக எடுத்துக்கொண்டு விளக்கிய தொழிற்பகுப்புத் தத்துவம், இன்றைய ஆடைத் தொழிற்சாலையில் பூரணமாகக் காணக்கிடைக்கிறது: ஒருவர் கழுத்துப் பட்டையை மாத்திரம் தைப்பார், மற்றொருவர் பையை மாத்திரம் தைப்பார், உடுப்பின் முழு உருவம் எவர் கையிலும் இல்லை. செப்பனிடும் மேசையில் இந்தத் தத்துவம் தலைகீழாகிறது. எந்த உடுப்பு வரும், எந்தப் பழுதோடு வரும் என்பது முன்கூட்டித் தெரியாத நிலையில், ஒரே தொழிலாளி உடுப்பின் அமைப்பு முழுவதையும் மனத்தில் வைத்துக்கொண்டு, எந்தத் தையலை எந்த வரிசையில் பிரித்தால் எங்கே போய் நிற்கலாம் என்று யோசித்துப் பணி செய்ய வேண்டியிருக்கிறது. அதனால்தான் செப்பனிடும் கூலி அதிகமாகிறது. குறைந்த கூலி நாட்டில் தைத்த உடுப்பை உயர்ந்த கூலி நாட்டில் பழுது பார்க்கும்போது, புதியதை வாங்குவதே மலிவு என்ற விபரீத நிலையும் உண்டாகிறது.

சட்டமும் வடிவமைப்பும்

இந்த விபரீதத்தை நேராக்கச் சில அரசாங்கங்கள் முன்வந்திருக்கின்றன. ஸ்வீடன் 2017-இல் துணி, காலணி, சைக்கிள் ஆகியவற்றைச் செப்பனிடுவதன்மேல் விதித்திருந்த வரியை 25 விழுக்காட்டிலிருந்து 12 ஆகக் குறைத்தது. பிரான்ஸ் 2023 நவம்பர் முதல், ஆடை, காலணிகளைச் செப்பனிட்டுக்கொள்வோருக்கு, பழுதின் தன்மைக்கேற்ப 6 முதல் 25 யூரோ வரை கூலியில் கழித்துத் தரும் ஏற்பாட்டைத் தொடங்கியது. அதற்கான பணத்தை உற்பத்தியாளர்களே ஒரு கட்டணமாகச் செலுத்துகிறார்கள். செய்தவன் தன் சரக்கின் முடிவுக்கும் பொறுப்பாளி என்ற தர்மம் இங்கே சட்டமாகவே உருவெடுத்திருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் 2022-இல் தோன்றிய யுனைடெட் ரிப்பேர் சென்டர் என்னும் நிலையம், படகோனியாவை முதல் வாடிக்கையாளராகக் கொண்டு, நாடு விட்டு வந்த அகதிகளுக்குத் தையற்பயிற்சியும் வேலையும் அளித்து, பல ஸ்தாபனங்களின் உடுப்புகளை ஒரே கூரையின்கீழ்ப் பழுது பார்க்கிறது. தனித்தனியே நிலையம் நடத்தச் சக்தியற்ற உற்பத்தியாளர்களுக்கும் இவ்வழி திறந்திருக்கிறது.

ஆனால் இப்பணியால் விளையும் மிகப் பெரிய பயன் பழைய உடுப்புக்கு உண்டாவதன்று. இனிமேல் பிறக்கப்போகும் உடுப்புக்கு உண்டாவது. விற்றதோடு தொடர்பை அறுத்துக்கொள்ளும் உற்பத்தியாளருக்குத் தம் சரக்கு எங்கே, எப்படி, எதனால் கெட்டது என்று தெரிவதற்கு வழியே இல்லை. செப்பனிடும் மேசைக்கோ, உண்மையான மழையிலும் வெயிலிலும் பாறையிலும் பல ஆண்டுகள் பரீக்ஷிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான சாட்சிகள் தாமே வந்து சேர்கின்றன. ஒரே மாதிரிச் சட்டைகள் ஒரே இடத்தில் கிழிந்து வருமானால், அங்கே துணி போதாது என்பது வெளிப்படை. ஒரே ஜிப் மீண்டும் மீண்டும் தோற்று வருமானால், அதைப் பிரிக்க அரை நாள் ஆவதன் நஷ்டத்தையும் உற்பத்தியாளரே தாங்க நேருமானால், அடுத்த ஆண்டு அந்த ஜிப் வேறு விதமாகத் தைக்கப்படும். தென்ஜெர்மனியின் டெட்னாங் நகரத்து வௌடே ஸ்தாபனம், எவ்வளவு சுலபமாகச் செப்பனிடலாம் என்பதை அளந்து மதிப்பெண் இடும் முறை ஒன்றை வடிவமைப்பின்போதே கையாள்கிறது. எந்தப் பரிசோதனைச் சாலையிலும் கிடைக்காத அறிவு, கிழிந்த உடுப்பின் வழியாக வடிவமைப்பவரைச் சென்றடைகிறது.

மழையுடுப்பு வாங்கச் செல்பவர் துணியின் தடிப்பையும் நீர் தாங்கும் எண்ணையும் விசாரிப்பது வழக்கம். அவை எல்லாம் உடுப்பின் பலமான அங்கங்களைப் பற்றிய கேள்விகள். ஆயுளை நிர்ணயிப்பவை பலவீனமான அங்கங்கள். ஜிப் கெட்டால் மாற்றித் தருவார்களா, மாற்றத்தக்க விதமாகத்தான் தைத்திருக்கிறார்களா, ஒட்டுப் போட அதே துணி பத்தாண்டுகளுக்குப் பின்னும் கிடைக்குமா என்று கேட்கத் தொடங்கும் வாடிக்கையாளர், தம் கோட்டின் ஆயுளை நீட்டிப்பதோடு, அதைச் செய்கின்றவரின் கணக்கையும் மாற்றிவிடுகிறார்.